ஸ்வரத்துக்கு நடுவே முளைத்த ‘ஸ்ரீ’

கல்லூரி இசை இதழுக்கு ஸ்வரக் குறிப்பு தட்டச்சு செய்தேன். மேல்ஸ்தாயி (உயர்ந்த ஒலி அடுக்கு) ஸ-வுக்கு மேலே புள்ளி வேண்டுமே என்று ‘ஸ்’ அடித்தேன். அச்சுப்படியைப் பார்த்த பாட்டு மிஸ், "நடுவுல எதுக்கும்மா ஸ்ரீ?" என்றார்.

எழுத்துரு மாற்றினேன், போகவில்லை. இடைவெளி விட்டேன், தாளக் கட்டம் நகர்ந்தது. இரண்டு நாள் போச்சு.

பிறகுதான் கவனித்தேன்: ஸ்-க்குப் பின் குறில் ‘ரி’ வந்த இடமெல்லாம் சரி, நெடில் ‘ரீ’ வந்தால் மட்டும் ஒட்டிக்கொள்கிறது. யூனிகோடில் (கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறை) இந்த வரிசை வந்தால் ‘ஸ்ரீ’ கூட்டெழுத்து உருவாகிவிடும்!

வேர்டில் ‘ஸ்’ அடித்ததும் 200சி (சி ஆங்கில எழுத்து), ஆல்ட்+எக்ஸ், அப்புறம் ‘ரீ’. கண்ணுக்குத் தெரியாத பிரிப்பான் நடுவில் விழுந்து இரண்டும் பிரிந்தன. அப்பாடா! ரீ-யின் மேல்ஸ்தாயிப் புள்ளியை மட்டும் பேனாவால் வைத்தோம்.