வீட்டு சம்ப்பும் டிரம்மும்: குழந்தைகள் விழாமல் காப்பது எப்படி?

வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் நீச்சல் குளம் உள்ள வீடு அபூர்வம். ஆனால் சம்ப் (தரைக்கு அடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி), நீல டிரம், பாத்ரூம் பக்கெட், மே மாத லீவில் மொட்டை மாடியில் காற்றடித்து வைக்கும் குட்டிக் குளம் என்று தண்ணீர் நிற்காத வீடே கிடையாது. நடக்கப் பழகும் குழந்தைக்கு உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். குப்புற விழுந்தால் தானாக எழுவது கஷ்டம். 5 செ.மீ. தண்ணீரே உயிரை எடுத்துவிடும். அதுவும் சத்தமில்லாமல். அலறல் கேட்டால் ஓடலாம் என்று தயவுசெய்து இருந்துவிடாதீர்கள்.

முதலில் சம்ப் மூடி. மூலையில் காலை வைத்து அழுத்திப் பாருங்கள். ஆடினாலோ, துரு உதிர்ந்தாலோ உடனே மாற்றுங்கள். கடல் காற்றில் நம் பக்கம் இரும்பு சீக்கிரம் அரித்துவிடும். கீலையும் கொண்டியையும் மாதம் ஒருமுறை பாருங்கள். பூட்டு பித்தளையில் இருக்கட்டும், சாவி உயரத்தில் தொங்கட்டும்.

அப்புறம், மூடிக்குக் கீழே ஒரு கம்பி கிரில். வெல்டிங் பட்டறையில் அளவு கொடுத்தால் செய்து தருவார்கள். கம்பிகளுக்கு இடையே 10 செ.மீ.க்கும் குறைவாக இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், இந்த வேலைகளில் முதலில் காசு செலவழிக்க வேண்டியது இதற்குத்தான். ஏனென்றால் தண்ணீர் லாரி வரும் நேரம்தான் பயங்கரமானது: மூடி திறந்திருக்கும், எல்லோர் கண்ணும் குடத்தில் இருக்கும். கிரில் இருந்தால் அதன் மேலேயே ஹோஸை வைத்துத் தண்ணீர் விடலாம். அப்படியும் மூடி பூட்டப்படும் வரை ஒருவர் அங்கேயே நிற்க வேண்டும், கையில் குடமோ போனோ இல்லாமல். நகர வேண்டுமென்றால், "அக்கா, நீங்க பாத்துக்கோங்க" என்று நேராகச் சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.

டிரம், பக்கெட். டிரம்முக்கு இறுகும் மூடி போடுங்கள், கொசுவும் வராது. பக்கத்தில் ஸ்டூல், கவிழ்த்த குடம் எதுவும் வேண்டாம். காலி பக்கெட்டைக் கவிழ்த்து வையுங்கள்.

மாடிக் குளம். கை எட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். மிதவை டியூப் பாதுகாப்பு ஆகாது. ஆட்டம் முடிந்ததும் காலி செய்யுங்கள். தண்ணீரைக் கொட்ட மனசு வராது, சரி, மூடியுள்ள டிரம்மில் ஊற்றிக் கக்கூஸுக்கு வைத்துக்கொள்ளலாம்.

குழந்தையைக் காணோமா? தெருவில் தேடும் முன் தண்ணீர் உள்ள இடங்களைப் பாருங்கள்.

விழுந்துவிட்டால்: தலைகீழாகத் தூக்கிச் சுற்றாதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். அதில் போகும் ஒவ்வொரு நொடியும் மூச்சுக்கான நேரம். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். பேச்சு மூச்சு இல்லையென்றால், மல்லாக்கப் படுக்க வைத்துத் தலையை லேசாகப் பின்பக்கம் சாய்த்து, மூக்கைப் பிடித்து வாயில் 2 முறை ஊதுங்கள். கைக்குழந்தை என்றால் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி ஊத வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில், மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில் 30 அழுத்தம். மறுபடி 2 மூச்சு. ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தாதீர்கள். குழந்தை கண் விழித்து அழுதாலும் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்கோ அருகிலுள்ள வேறு ஆஸ்பத்திரிக்கோ கொண்டுபோங்கள். நுரையீரலில் தண்ணீர் போயிருந்தால் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறல் வரலாம்.