ராக்கெட் நேரலை பாதியில் நின்றால்: ஊகிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் வாண்டன்பெர்க், கேப் கனாவரல் ஆகிய விண்வெளிப் படைத் தளங்களிலிருந்து கிளம்பும் ராக்கெட்டின் நேரலை சில நிமிடங்களிலேயே நின்றுவிட்டால், "ராணுவத் தளமாயிற்றே, எதையோ மறைக்கிறார்கள்" என்ற பேச்சு உடனே கிளம்பிவிடுகிறது. ஏவுதளம் யாருடையது என்பதை வைத்தே காட்சி நின்றதற்குக் காரணம் சொல்லிவிடுவதுதான் இதில் முதன்மையான தவறு. மற்றத் தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே முளைக்கின்றன.

இந்த ஊகத்தைச் சோதிக்க இரண்டு ஏவுதல்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 2018 மார்ச் 30 அன்று வாண்டன்பெர்க்கிலிருந்து ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட் சென்றது. அதில் இருந்தவை இரிடியம் என்ற தனியார் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் 10 செயற்கைக்கோள்கள். ரகசியம் எதுவும் கிடையாது. இருந்தும் ஏறத்தாழ 9 நிமிடங்களில், மேல்கட்டத்தின் (கீழ்ப்பகுதியான முதல் கட்டம் பிரிந்தபின் செயற்கைக்கோள்களைச் சுற்றுப்பாதைக்குக் கொண்டுசெல்லும் பகுதி) கேமரா காட்சி அறிவிப்புடன் நிறுத்தப்பட்டது. அதற்குக் காரணமானது படைத்துறை அன்று. வானிலையையும் கடலையும் ஆராயும் நோவா என்ற குடிமை நிர்வாகம். விண்ணிலிருந்து பூமியைப் படமெடுக்கும் தனியார் கருவிகளுக்கு உரிமம் வழங்கும் பொறுப்பு அமெரிக்கச் சட்டப்படி அதனிடம் இருந்தது. ராக்கெட்டின் உடலில் பொருத்திய கேமராவின் பின்னணியிலும் பூமி தெரிகிறது அல்லவா? சுற்றுப்பாதையை எட்டியதும் அந்தக் கேமராவும் உரிம விதிக்குள் வந்துவிட்டது. இந்தக் காரணத்தை முன்கூட்டியே ஊகித்திருக்கக்கூடியவர் யாரும் இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதற்கு நேர்மாறானது 2017 மே 1 அன்று நடந்தது. அமெரிக்காவின் உளவுச் செயற்கைக்கோள்களை இயக்கும் என்.ஆர்.ஓ. அமைப்புக்காக என்.ஆர்.ஓ.எல்-76 என்ற ரகசியச் சுமை, அதாவது ராக்கெட் ஏற்றிச்செல்லும் செயற்கைக்கோள், ஏவப்பட்டது. ஆனால் அது கிளம்பிய ஏவுமேடை 39ஏ, நாசாவின் கென்னடி விண்வெளி மையத்தில், அதாவது குடிமை வளாகத்தில் இருக்கிறது. மேல்கட்டத்தின் காட்சி மறைக்கப்பட்டது. அதற்கு ஈடாகக் கேமராக்கள் முதல் கட்டத்தையே விடாமல் பின்தொடர்ந்ததால், அது பிரிந்து, திரும்பி, தரையிறங்கும் வரையிலான முழுப் பயணமும் இடைவெளியின்றி நேரலையில் கிடைத்தது. அது வந்து இறங்கிய இடமோ கேப் கனாவரல் படைத் தளம்! குடிமை வளாகத்தில் தொடங்கிய பயணத்தின் ஒரு பகுதி மறைக்கப்பட, படைத் தளத்தில் முடிந்த பகுதி எல்லோருக்கும் காட்டப்பட்டது. ஆகவே முதலில் கேட்க வேண்டியது தளம் யாருடையது என்பதை அன்று, சுமை யாருடையது என்பதை.

காட்சி நின்றதைத் தோல்வியின் அறிகுறியாகக் கொள்வது அடுத்த தவறு. என்.ஆர்.ஓ. ஏவுதல்களில் செயற்கைக்கோளை மூடியிருக்கும் கவசம் பிரியும் கட்டத்தோடு ஒளிபரப்பை முடித்துக்கொள்வது நெடுநாளைய வழக்கம். எல்லாம் சரியாக நடக்கும்போதும் அப்படித்தான் முடிப்பார்கள். 2018 ஜனவரியில் ஏவப்பட்ட ஸூமா என்ற ரகசியச் செயற்கைக்கோளை இதற்கு எதிர்வாதமாகச் சிலர் காட்டுவதுண்டு. அது தொலைந்துவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. ராக்கெட் தன் வேலையைச் சரியாகவே செய்தது என்று ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் அறிவித்தது. ஆனால் பத்திரிகைகள் சான்றாகக் கொண்டவை பின்னர் அவற்றுக்குக் கிடைத்த தகவல்களே. நேரலை சுருக்கமாக இருந்தது அவற்றுக்குச் சான்றாகவில்லை. ஊகம் ஒருவேளை பலித்திருந்தாலும், அதற்கு வந்த வழி சரியானதாகிவிடாது.

படம் உறைந்து நிற்பதையும் திட்டமிட்டு நிறுத்துவதையும் ஒன்றாக எண்ணக்கூடாது. கடலில் மிதக்கும் மேடையில் முதல் கட்டம் இறங்கும்போது ஏற்படும் அதிர்வில், படத்தை அனுப்ப உதவும் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோளை நோக்கியிருக்கும் ஆண்டெனா குறி தவறி, மிக முக்கியமான அந்த நொடிகளிலேயே படம் நின்றுவிடுவதுண்டு. மேல்கட்டமும் தரை நிலையம் ஒன்றின் அடிவானத்தைக் கடந்தால், அடுத்த நிலையத்தின் பார்வைக்குள் வரும்வரை படம் அனுப்ப வழியில்லாமல் போகலாம். வாண்டன்பெர்க்கைப் பொறுத்தவரை மூடுபனியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2018 மே 5 அன்று செவ்வாய்க்கோளுக்கு இன்சைட் கலத்தை அனுப்பியபோது தளத்தில் அடர்ந்த பனி மூடியிருந்ததால், விடியுமுன் அங்கே கூடியிருந்தவர்களுக்கு ராக்கெட்டின் ஓசை கேட்டதே தவிர ராக்கெட் தென்படவில்லை.

பழைய விதியைக் கொண்டு புதிய ஒளிபரப்பை விளக்குவதும் தவறுதான். ராக்கெட்டின் செயல்பாட்டைக் கண்காணிப்பதற்கென்றே உள்ள கேமராக்களுக்கு நோவாவின் உரிமம் தேவையில்லை என்று 2020இல் விதி திருத்தப்பட்டது. எனவே இன்று ஒரு காட்சி நின்றால் இரிடியம் கதையை அப்படியே ஒட்டவைக்க முடியாது.

படம் இல்லையென்றால் எதுவும் தெரியாது என்ற நம்பிக்கையும் இதே வகையைச் சேர்ந்ததுதான். ஏவுதலுக்கு முன் விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் விடுக்கப்படும் எச்சரிக்கைகளில் அபாயப் பகுதிகள் குறிக்கப்பட்டிருக்கும். ராக்கெட் செல்லும் திசையை அவற்றிலிருந்தே கணிக்கலாம். இங்கிலாந்தின் கெட்டரிங் இலக்கணப் பள்ளியில் ஆசிரியர் ஜெஃப்ரி பெர்ரியும் அவருடைய மாணவர்களும் 1966இல் சோவியத் செயற்கைக்கோள்களின் வானொலிச் சமிக்ஞைகளைப் பதிவுசெய்து வந்தார்கள். அவற்றுள் ஒன்றான காஸ்மாஸ் 112இன் சுற்றுப்பாதை, சோவியத்தின் அறியப்பட்ட ஏவுதளமான பைக்கனூரிலிருந்து ஏவப்படுபவற்றோடு பொருந்தாததைக் கவனித்து, வடக்கே பிளெசெட்ஸ்கில் வேறொரு ஏவுதளம் இருப்பதை அவர்கள் கண்டுபிடித்தார்கள். அந்தப் படைத் தளத்தைச் சோவியத் அரசு 1983 வரை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளவில்லை.