வெளிநாட்டு ஸ்னூக்கர் போட்டிக்குப் புறப்படுவது எப்படி: சிங்கப்பூர் ஆட்டக்காரர்களுக்கு

முதன்முறையாக வெளிநாட்டு ஸ்னூக்கர் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் நம்மவர்கள் பலரும் முதலில் பார்ப்பது விமானச் சீட்டின் விலையைத்தான். அதைக் கடைசியில் பார்த்தால் போதும். போட்டி அறிவிப்பு கைக்கு வந்தவுடன் தேட வேண்டிய விவரம், தோற்றாலும் எத்தனை ஆட்டங்கள் உறுதியாகக் கிடைக்கும் என்பதே. குழு முறைப் போட்டியானால், தோற்றவரும் மூன்று நான்கு பேருடன் ஆடிவிட்டுத் திரும்பலாம். தோற்றவுடன் வெளியேறும் முறையானால், பதின்மூன்று மணி நேரம் பறந்து போய், ஒரே பிற்பகலில் 5-0 என்று எல்லாம் முடிந்து, மறுநாள் முழுவதும் விடுதி அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க நேரலாம்.

தொழில்முறை ஆட்டக்காரர்கள் தொலைதூரப் பயணத்தைப் பற்றி முணுமுணுப்பதும் சில வேளைகளில் போகவே மறுப்பதும் பெரும்பாலும் இந்தக் கணக்கினால்தான், தூரத்தினால் அன்று என்பது என் கணிப்பு. பேரி ஹெர்ன் 2010ஆம் ஆண்டில் தொழில்முறைச் சுற்றின் பொறுப்பை ஏற்ற பிறகு போட்டிகளின் எண்ணிக்கை பெருகியது. ஷாங்காய், பெய்ஜிங் நகரங்களோடு நில்லாமல் ஆஸ்திரேலியாவின் பெண்டிகோ, பின்னர் டெல்லி, மும்பை, ஹைதராபாத், விசாகப்பட்டினம், கொச்சி, அண்மையில் சவூதி அரேபியா என்று ஆட்டம் ஊர் ஊராகப் பரவியது. ஊட்டி கிளப்பில் விதிகள் எழுதி ஒட்டப்பட்ட விளையாட்டு, நூற்றாண்டுக்கு மேல் கழித்து இந்தியாவுக்குத் தரவரிசைப் போட்டியாகத் திரும்பி வந்ததை நாம் கொஞ்சம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

இந்தப் பயணங்களை எல்லாரும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளவில்லை. வட அயர்லாந்தின் மார்க் அலென் 2012இல் சீனாவின் ஹைகோ நகருக்குச் சென்று, ஊரையும் ஏற்பாடுகளையும் சமூக ஊடகத்தில் கடுமையாகக் குறைகூறினார். அங்கு நடந்த போட்டியின் கிண்ணத்தையும் அவரே வென்றார். ரோனி ஓ'சலிவன் பல போட்டிகளிலிருந்து பெயரைத் திரும்பப் பெற்றுக்கொள்பவர் என்று பேர் வாங்கியவர், ஆனால் ஷாங்காய் மாஸ்டர்ஸை ஐந்து முறை வென்றிருக்கிறார். தூரம் அவரைத் தடுக்கவில்லை. போகத் தகுந்தது எது என்று அவர் பொறுக்கி எடுக்கிறார். 1995இலிருந்து தொழில்முறையில் ஆடிவந்த ஸ்டூவர்ட் பிங்கம் தம் முதல் தரவரிசைப் பட்டத்தை 2011இல் இங்கிலாந்தில் வெல்லவில்லை, பெண்டிகோவில்தான் வென்றார். நான்கு ஆண்டுகள் கழித்து அவர் உலக வெற்றியாளரும் ஆனார்.

ஆசியாவிலிருந்து செல்பவருக்கோ கணக்கு வேறு. தகுதிச் சுற்றுகள் பெரும்பாலும் இங்கிலாந்திலேயே நடப்பதால், பிரிட்டிஷ் ஆட்டக்காரருக்குப் பயணம் என்பது ஆண்டுக்குச் சில வாரங்கள். நமக்கு அது குடிபெயர்வு. மெல்பர்னில் பிறந்த நீல் ராபர்ட்சன் கேம்பிரிட்ஜிலும் டிங் ஜுன்ஹுய் ஷெஃபீல்டிலும் வாழ்வை அமைத்துக்கொண்டார்கள். இந்தியாவின் பங்கஜ் அத்வானி இரண்டு பருவங்கள் ஆடிவிட்டு, 2014இல் தொழில்முறைச் சுற்றில் தம் இடத்தைத் துறந்து பெங்களூருக்கே திரும்பினார். அதைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். தமக்கு என்ன வேண்டும் என்று அறிந்தவரின் முடிவு அது. ஆகவே, சுற்றில் நுழைய விரும்பும் இளைஞர் முதலில் பாங்காக்கைப் பார்க்கட்டும். ஆசியா-ஓஷியானியாவுக்கான கியூ ஸ்கூல் (Q School) எனும் தகுதிப் போட்டி 2022 முதல் அங்கு நடந்துவருகிறது. வெல்பவருக்கு இரண்டாண்டு தொழில்முறை உரிமம் கிடைக்கும். சாங்கியிலிருந்து இரண்டரை மணி நேரப் பயணத்தில், ஷெஃபீல்டில் குடியேறும் பெரிய முடிவை எடுக்காமலே தம் தரத்தை அளந்து பார்த்துவிடலாம். சில சமயம் போட்டியே நம்மைத் தேடி வருவதும் உண்டு: 2017இல் உலகப் பெண்கள் ஸ்னூக்கர் போட்டி தோ பாயோவில் நடந்தபோது, இறுதியாட்டத்தில் ஹாங்காங்கின் இங் ஓன்-யீ இந்தியாவின் வித்யா பிள்ளையை 6-5 என்று வென்றதை எம்ஆர்டியில் போய்ப் பார்த்துவிட்டு வீடு திரும்ப முடிந்தது.

போவதென்று முடிவானால், அடுத்து நேர வேறுபாட்டைக் கணக்கிட வேண்டும். இதில் நமக்கு ஒரு சலுகை இருக்கிறது. சீனா முழுவதும் சிங்கப்பூரின் நேரமே. பிரிட்டிஷ் ஆட்டக்காரர்கள் ஏழு எட்டு மணி நேர வேறுபாட்டோடு போராடும் ஊரில் நாம் வழக்கம்போல் தூங்கி எழலாம். இங்கிலாந்து சென்றால் நிலைமை தலைகீழாகும். ஏப்ரல் மாத ஷெஃபீல்டில் மாலை 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நம் உடலுக்கு நள்ளிரவு தாண்டிய 2 மணி. காலை 10 மணி ஆட்டம் கிடைத்தால் அது நமக்கு மாலை 5 மணி, இன்னும் தெம்பு இருக்கும். எனவே ஒரு நாள் முன்னதாகப் போய் இறங்குவது போதாது. குறைந்தது நான்கு நாள்கள் முன்னதாகச் செல்லுங்கள், அங்கு மாலை வெளிச்சத்தில் நடங்கள், எவ்வளவு தூக்கம் வந்தாலும் இரவு 9 மணிக்கு முன் படுக்காதீர்கள். திரும்பும் தேதியை மாற்றத்தக்க சீட்டாக வாங்குவது விலை கூடுதலானாலும் நல்லது, ஏனென்றால் எந்த நாளில் தோற்போம் என்று யாருக்கும் தெரியாது.

இனி கியூ, அதாவது பந்தை அடிக்கும் கோல். ஸ்டீபன் ஹென்ட்ரி ஏழு உலகப் பட்டங்களையும் வென்ற கியூ, 2003இல் பாங்காக்கிலிருந்து திரும்பிய விமானப் பயணத்தில் உடைந்து போனது. அவருக்கே அந்த நிலை என்றால் நாம் எம்மாத்திரம். பிரிட்டன் விமான நிலையங்களின் பாதுகாப்பு விதி கியூவைக் கைப்பையாக அனுமதிக்கிறது, அமெரிக்காவில் அதற்கு அனுமதி இல்லை. அனுமதி இருக்கும் ஊரிலும் முக்கால் நீளத்தில் கழற்றிப் பூட்டும் முக்கால் இணைப்புக் கியூவின் பெட்டி விமான நிறுவனத்தின் நீள வரம்பைத் தாண்டிவிடும். ஆகவே புறப்படும் நிலையம், இறங்கும் நிலையம், விமான நிறுவனம் மூன்றிடமும் எழுத்தில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரக்கில் போகிறது என்றே நினைத்துக் கட்டுங்கள். துணிப்பை ஆகாது, கடினமான குழாய்ப் பெட்டி வேண்டும். நான் ஒருமுறை இதில் சறுக்கினேன். அண்டை நாட்டுப் போட்டி ஒன்றுக்குச் சென்று, பெட்டிகள் சுழன்று வரும் பட்டைக்கருகே நாற்பது நிமிடம் நின்றேன். என் கியூவோ நீளப் பொருள்களுக்கான தனிக் கதவருகே குழந்தை வண்டிகளுக்கும் கோல்ஃப் பைகளுக்கும் நடுவே சாய்ந்து கிடந்தது. விடுதியில் திறந்து பார்த்தால், டிப் எனப்படும் தோல் நுனியைத் தாங்கும் பித்தளை வளையம் பிளந்திருந்தது. தவறு என்னுடையதே: பெட்டியின் நுனியில் மூன்று விரல் அளவு வெற்றிடம் இருந்தது, பயணம் முழுவதும் கியூ அங்கே முட்டி முட்டி வந்திருக்கிறது. அன்றிலிருந்து பழைய கைலித் துண்டைச் சுருட்டி அந்த இடத்தை அடைத்துவிட்டு, பெட்டியைக் குலுக்கிப் பார்த்து, ஓசை கேட்கவில்லை என்றால்தான் பூட்டுகிறேன். இன்னொரு டிப், பசை, உப்புத்தாள், டிப்பில் தேய்க்கும் சாக், ஒரு நாள் ஆட்ட உடை ஆகியவை எப்போதும் கையோடு வரும் பையில் இருக்க வேண்டும். பசையின் அளவு திரவ வரம்புக்குள் இருக்கட்டும்.

நம் ஊரின் ஈரக் காற்றிலிருந்து, சூடேற்றி உலர்ந்த அறைக்குப் போகும் மரம் வளையக்கூடும். இறங்கியதும் கியூவைக் கழற்றிய நிலையில் படுக்கையின்மீது கிடத்தி ஓர் இரவு விட்டுவைத்து, மறுநாள் பூட்டி மேசைமீது உருட்டிப் பாருங்கள். சூடேற்றிக்கும் ரேடியேட்டருக்கும் பக்கத்தில் வைக்கவே கூடாது. மேசையும் வேறாக இருக்கும்: தொழில்முறை ஆட்ட மேசையின் கல்லுக்கு அடியில் வெப்பமூட்டி இருப்பதாலும் துணி மெல்லியதாக இருப்பதாலும், பந்து நம் கிளப் மேசையில் ஓடுவதைவிட அதிக தூரம் ஓடும். பயிற்சிக்குத் தரப்படும் முதல் அரை மணி நேரத்தைச் சிவப்புப் பந்துகளைக் குழியில் போடுவதில் வீணாக்க வேண்டாம். வெள்ளைப் பந்தை மட்டும் வைத்து, நேராக மேசையின் மேல் விளிம்பான குஷனுக்கு அனுப்பி, அது திரும்பி வந்து நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்பு மெதுவாக அடித்து, துணியின் மயிர் வாக்கில் அது எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். சிவப்புகளை அதற்குப் பிறகு அடுக்கிக்கொள்ளலாம்.

ஆவணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சீனாவுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம் என்ற ஏற்பாடு 9 பிப்ரவரி 2024 முதல் இருக்கிறது. பிரிட்டனுக்கு 2025 ஜனவரி முதல் மின்னணுப் பயண அனுமதி தேவை. பரிசுப் பணம் உள்ள போட்டியானால் அமைப்பாளர்களின் அழைப்புக் கடிதம் கையில் இருக்கட்டும். தேசிய சேவைக் கடப்பாடு உள்ளவர்கள், முகாம் பயிற்சி அழைப்போடு தேதி மோதுகிறதா என்று சீட்டு வாங்குமுன் பார்த்துவிட வேண்டும்.

முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டால் உடனே விமானத்தை மாற்றிக்கொள்ளத் தோன்றும். ஒரு நாள் பொறுங்கள். பயிற்சி மேசைகள் காலியாகும் நேரத்தைக் கேட்டு அறிந்து, உங்களைப் போலவே தோற்று நிற்கும் யாரையாவது அழைத்து ஐந்து ஃபிரேம் (தனி ஆட்டம்) ஆடுங்கள். நான் போன போட்டிகளில் நல்ல பாடம் கிடைத்ததெல்லாம் அப்படிப்பட்ட ஆட்டங்களில்தான். இங்கிலாந்திலிருந்து கிழக்கு நோக்கித் திரும்பும் பயணமோ போவதைவிட உடலைக் கூடுதலாகப் படுத்தும், ஆகவே வந்த வாரத்தில் கிளப் லீக் ஆட்டத்துக்குப் பெயர் கொடுத்து வைக்காதீர்கள்.