மழைக்காலத்துக்கு வீட்டிலேயே ஒரு சொக்லேட் கோப்பி

கார்த்திகை மழை பிடித்துவிட்டால் மட்டக்களப்பில் பின்னேரமே இருட்டிவிடும், வாடைக்காற்றும் சேர்ந்துகொண்டால் வெறும் பிளேன்டீ காணாது. அந்த நேரத்துக்குச் சொக்லேட் கோப்பி மாதிரி ஒன்று இல்லை. இதற்கு மெஷின் வேண்டாம், கிரீம் வேண்டாம். ஒரு சருவம், தேத்தண்ணி வடி, ஆத்துவதற்கு இரண்டு பேணி இருந்தால் போதும். ஆனால் ஒரு வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்ய வேண்டும்: கொக்கோவை முதலில் சுடுகோப்பியில் குழைத்துக் காய்ச்சிவிட்டு, பிறகுதான் பாலை ஊற்ற வேண்டும். சுவையில் பாதி அந்த இரண்டு நிமிடத்தில்தான் இருக்கிறது.

காரணம் இதுதான். கொக்கோத் தூள் சீனியைப் போலக் கரைகிற சாமான் இல்லை, அதில் கொழுப்பு இருக்கிறது, தண்ணீர் அதன்மேல் லேசில் ஒட்டாது. ஒரு சருவம் பாலில் அப்படியே கொட்டினால் வெளியே நனைந்து உள்ளே காய்ந்தபடி குட்டிக் குட்டிக் கட்டிகளாக மிதக்கும், எவ்வளவு கலக்கினாலும் விடாது. கொஞ்சக் கோப்பியில் கரண்டியால் அழுத்திக் குழைத்தால் கட்டி உடைந்துவிடும், சூட்டில் கொக்கோவின் மணமும் வெளியே வரும்.

இரண்டு பேருக்கு அளவு சொல்கிறேன். பால் 300 மில்லிலீற்றர், கோப்பித் தூள் இரண்டு மேசைக்கரண்டி, இனிப்பில்லாத கொக்கோத் தூள் இரண்டு மேசைக்கரண்டி, சீனி மூன்று தேக்கரண்டி, கறுப்புச் சொக்லேட் 20 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. உப்பை விட்டுவிடாதீர்கள், அது கசப்பை அடக்கிச் சொக்லேட்டை முன்னுக்குக் கொண்டுவரும்.

கோப்பித் தூள் வாங்கும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து வறுத்து இடித்த தூள்தான் இருக்கும். தனியாகக் குடிக்க அது அருமை, ஆனால் மல்லி தூக்கலாக இருந்தால் சொக்லேட்டோடு சண்டை பிடிக்கும். வேர்க்கொம்பு மட்டும் என்றால் நல்லாகவே சேரும், மழைக்காலத்தில் நான் வேண்டுமென்றே ஒரு கிள்ளுப் போடுவேன். முடிந்தால் வெறும் கோப்பித் தூளாக வாங்குங்கள். இன்ஸ்டன்ட் கோப்பிதான் இருக்கிறதென்றால் இரண்டு தேக்கரண்டி போதும், வடிக்கிற வேலையும் மிச்சம், மணம் மட்டும் ஒரு படி குறையும்.

கொக்கோ என்று கேட்டால் கடைக்காரர் சில நேரம் சொக்லேட் பானத் தூளை எடுத்துத் தருவார். அதில் சீனிதான் கூட, மைலோ, நெஸ்டோமால்ட் எல்லாம் மோல்ட் பானங்கள். பக்கெற்றின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், கொக்கோவைத் தவிர வேறொன்றும் எழுதியிருக்கக் கூடாது. சொக்லேட்டிலும் அப்படித்தான், கொக்கோ பட்டருக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் போட்டது என்றால் கோப்பிக்கு மேலே எண்ணெய் படலமாக மிதக்கும். இன்னொன்று: எங்கள் வெயிலுக்குக் கடையிலேயே சொக்லேட் இளகித் திரும்ப இறுகியிருக்கும், பிரித்தால் மேலே வெள்ளையாகப் பூத்திருக்கும். பூஞ்சணம் என்று எறிந்துவிடாதீர்கள், அது பெரும்பாலும் கொக்கோ பட்டர் மேலே வந்து உறைந்தது. கடித்துச் சாப்பிட நல்லாயிராது, ஆனால் உருக்குவதற்கு ஒரு குறையும் இல்லை.

சரி, அடுப்புக்கு வருவோம். கோப்பித் தூளை ஒரு பேணியில் போட்டு, கொதித்து இறக்கி அரை நிமிடம் ஆறிய தண்ணீர் 150 மில்லிலீற்றர் ஊற்றிக் கலக்கி நான்கு நிமிடம் மூடி வையுங்கள். கூட நேரம் விட்டால் கசப்பு ஏறிவிடும். எங்கள் தூள் மா மாதிரி நைஸாக இருப்பதால் வடி மட்டும் காணாது, வடிக்கு மேல் ஒரு வெள்ளைத் துணி போட்டு வடித்தால் மண்டி இறங்காது.

சருவத்தில் கொக்கோ, சீனி, உப்பு மூன்றையும் காய்ந்தபடியே கலந்துகொள்ளுங்கள், சீனிமணி இடையில் புகுந்து கொக்கோக் கட்டியைப் பிரித்துவிடும். அதில் மூன்று நான்கு மேசைக்கரண்டி சுடுகோப்பியை விட்டுப் பளபளப்பான களியாக வரும்வரை குழையுங்கள், பிறகு மிச்சக் கோப்பியையும் ஊற்றி மெல்லிய நெருப்பில் ஒரு நிமிடம் துழாவிக்கொண்டே காய்ச்சுங்கள். பச்சை மா வாசம் போய்விடும், கொஞ்சம் தடிக்கவும் செய்யும். சொக்லேட்டைச் சின்னதாக நறுக்கி இப்போதுதான் போட வேண்டும். தனியாக உருக்கப்போய் அதில் நாலு சொட்டுத் தண்ணீர் பட்டால் மணல் மாதிரி இறுகிவிடும், இப்படி நிறையக் கோப்பிக்குள் போட்டால் அந்தப் பிரச்சினையே இல்லை.

பால் எது என்பதைப் பொறுத்து அளவு மாறும். படுவான்கரைப் பக்கமிருந்து எருமைப்பால் கிடைத்தால் அதற்கு மேலே ஒன்றுமில்லை, பசுப்பாலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கொழுப்பு, அதனால் 200 பாலுக்கு 100 தண்ணீர் சேருங்கள், இல்லாவிட்டால் குடித்து முடிக்க முடியாத அளவுக்குத் தடிக்கும். கறந்த பால் எதுவானாலும் முதலில் ஒருதரம் நன்றாகப் பொங்கக் காய்ச்சி ஆடையை எடுத்துவிடுங்கள். பால்மா என்றால் 300 மில்லிலீற்றர் வெந்நீருக்கு ஆறு மேசைக்கரண்டி, வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட. பாலைச் சூடாக்கிச் சருவத்தில் ஊற்றுங்கள், ஓரத்தில் குமிழி கட்டத் தொடங்கியதும் இறக்கிவிடுங்கள். திரும்பக் கொதிக்க விட்டால் கோப்பியின் மணம் ஆவியோடு போய்விடும்.

பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தேங்காய்ப்பால் இருக்கிறது, அதுவும் சும்மா பேருக்கு இல்லை, உண்மையிலேயே நல்லாயிருக்கும். இரண்டாம் பாலில் காய்ச்சி, இறக்கிய பிறகு முதற்பாலை விடுங்கள், முதற்பாலைக் கொதிக்க வைத்தால் திரிந்துவிடும். இதற்குச் சீனியை விட்டுவிட்டுக் கித்துள் கருப்பட்டி போட்டுப் பாருங்கள், கொக்கோவுக்கும் கருப்பட்டிக்கும் அப்படியொரு பொருத்தம். பசுப்பாலில் கருப்பட்டி போடுவதானால் இறக்கியபின் போடுங்கள், கொதிக்கும்போது போட்டால் பால் முறியலாம்.

கடைசியில் ஆத்த வேண்டும். தேத்தண்ணிக் கடையில் செய்வதுபோலப் பேணிக்குப் பேணி உயர்த்தி ஐந்தாறு தரம் ஊற்றினால் நுரை தானாக வரும், அடியில் படிந்த கொக்கோவும் கலந்துவிடும். உடனே குடியுங்கள், ஆறவிட்டால் கொக்கோ திரும்ப அடிக்குப் போகும். தொட்டுக்கொள்ளக் கிரீம் கிரேக்கர் போதும், இனிப்பு பிஸ்கட் வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்குக் கோப்பியை விட்டுவிட்டு அதே அளவு வெந்நீரில் கொக்கோவைக் குழைத்துக் கொடுங்கள். பெரியவர்களும் இரவு படுக்கப்போகிற நேரத்தில் குடிக்காமல் இருப்பது நல்லது.

சித்திரை, வைகாசி வெயிலில் இதைச் சூடாகக் குடிக்க யாருக்கும் மனம் வராது. அப்போது பால் சேர்க்காமல் கொக்கோக் கோப்பியை மட்டும் காய்ச்சி, ஆறவிட்டுப் போத்தலில் ஊற்றிப் பிரிட்ஜில் வையுங்கள், மூன்று நாள் வரை இருக்கும். சொக்லேட் கட்டியை இதில் போட வேண்டாம், குளிரில் இறுகித் துணுக்குத் துணுக்காக நிற்கும். சீனியைக் கொஞ்சம் கூட்டுங்கள், குளிரில் இனிப்பு குறைவாகத்தான் தெரியும். வேண்டும்போது கால் கிளாஸ் விட்டு, ஐஸ் போட்டு, குளிர்ந்த பாலை நிரப்பிக் கலக்கினால் வேலை முடிந்தது.