‘உண்மைச் சம்பவம்’ என்று எழுத்துப் போடுவதற்கு முன்

கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் குறும்படம் எடுக்கும் இளையவர்களின் திரைக்கதைகளில் தேடுதல் வேட்டை அடிக்கடி வருகிறது. முன்மாதிரி என்று காட்டுவது 2012இல் கத்ரின் பிகலோ இயக்கிய ‘சீரோ டார்க் தேர்ட்டி’யைத்தான். அல்கைதா தலைவர் பின்லேடனை அமெரிக்க உளவு நிறுவனமான சீ.ஐ.ஏ. தேடிப்பிடித்த கதை. படிக்க வேண்டிய படம், சந்தேகமில்லை. ஆனால் அது சரியாகச் செய்ததை விட்டுவிட்டு, சறுக்கிய இடத்தையே பார்த்து எழுதுகிறார்கள். கெமரா ஆடுவதும் வசனம் நீளுவதும் இங்கே பேச்சில்லை. இரண்டாவது படத்தில் அவை தானாகத் திருந்தும்.

அடித்ததும் துப்பு வருவது

ஆறாம் பக்கத்தில் இருட்டறை, கதிரை, தொங்கும் பல்ப். எட்டாம் பக்கத்தில் சந்தேகநபர் அழுதுகொண்டே ஒரு முகவரி சொல்கிறான். ஒன்பதாம் பக்கத்தில் ஜீப் புறப்படுகிறது. மூன்றே பக்கத்தில் கதை நகர்ந்துவிடுகிறது, அதனால்தான் எல்லோரும் இதையே எழுதுகிறார்கள். வாசிப்பவருக்கு எரிச்சல் வருவதும் அதனால்தான்.

‘சீரோ டார்க் தேர்ட்டி’ விழுந்ததும் இதே குழியில். கறுத்த திரையில் 2001 செப்டெம்பர் 11இன் உண்மையான தொலைபேசிக் குரல்கள். அடுத்து நேராகச் சித்திரவதைக் கூடம். அம்மார் என்ற கைதியின் முகத்தில் துணி போட்டுத் தண்ணீர் ஊற்றுகிறார்கள், பெட்டிக்குள் அடைக்கிறார்கள். பிறகு ஒருநாள் வெளியே உட்கார்த்திச் சாப்பாடு கொடுத்து, ஏற்கெனவே உளறிவிட்டதாக அவனை நம்பவைக்கும்போது, பின்லேடனின் தூதுவனான அபு அஹமட்டின் பெயர் வருகிறது. சாப்பாட்டு நேரத்தில்தானே சொன்னான், அடிக்கும்போது சொல்லவில்லையே என்று வாதாடலாம். பார்ப்பவர் அப்படிப் பிரித்துப் பார்க்க மாட்டார். பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு காட்சிகளில் ‘பிறகு’ என்பதை அவர் ‘அதனால்’ என்றே எடுத்துக்கொள்வார்.

2012 டிசம்பரில் ஃபைன்ஸ்டைன், லெவின், மெக்கெய்ன் ஆகிய மூன்று அமெரிக்க செனட்டர்கள் படத்தை வெளியிட்ட சோனி நிறுவனத்துக்கு எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள். சீ.ஐ.ஏ.யின் பதில் பணிப்பாளர் மொரெலும், சித்திரவதையால்தான் துப்புக் கிடைத்தது என்ற எண்ணம் பொய்யானது என்று தன் ஊழியர்களுக்கு எழுதினார். 2014 டிசம்பரில் வெளிவந்த செனட் குழுவின் அறிக்கைச் சுருக்கம் இன்னும் துல்லியமாகச் சொன்னது: தூதுவனைப் பற்றிய மிகச் சரியான தகவலை 2004இல் பிடிபட்ட அல்கைதா ஆள் ஹசன் குல் கொடுத்தது, அவர்மேல் கடும் முறைகளைப் பிரயோகிக்க முன்னரே. ஐந்து ஒஸ்கார் பரிந்துரைகளில் படத்துக்குக் கிடைத்தது ஒலித்தொகுப்பு விருது மட்டும், அதுவும் இன்னொரு படத்தோடு பங்கு. சர்ச்சைதான் காரணம் என்று எழுதினால் இந்தக் கட்டுரையும் ‘பிறகு’வை ‘அதனால்’ ஆக்கிவிடும். விடுவோம்.

திருத்தும் வழி ஒரு சீ.ஆர். கொப்பியில் இருக்கிறது. நான்கு நிரல் போடுங்கள்: திகதி, துப்பு, சொன்னவர், அது கோப்பில் எப்போதிருந்து கிடந்தது. நான்காவது நிரலைத்தான் எல்லோரும் வெறுமையாக விடுகிறார்கள். இந்தப் படத்திலேயே ஓர் இளம் அதிகாரி பழைய கோப்பொன்றைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். தூதுவனின் சொந்தப் பெயர் மொரோக்கோவிலிருந்து எப்போதோ வந்து, காகிதக் குவியலில் புதைந்து போயிருக்கிறது. சின்னக் காட்சி, வந்ததும் தெரியாமல் போய்விடுகிறது. அதைச் சாப்பாட்டுக் காட்சிக்கு முன்னே தூக்கி வைத்திருந்தால் படத்தின் நியாயமே வேறாகியிருக்கும்.

விசாரணை அறை உங்களுக்குக் கட்டாயம் வேண்டுமென்றால், அடி வாங்கியவன் ஒரு பிழையான முகவரியைச் சொல்லட்டும். ஜீப் போய் வெறும் வீட்டைத் தட்டட்டும். வீணான நாட்களைக் கொப்பியில் எண்ணுங்கள்.

காத்திருப்பை வெட்டி எறிவது

தூதுவனைப் பின்தொடர்ந்து, பாகிஸ்தானின் அபொட்டாபாத்தில் பின்லேடன் ஒளிந்திருந்த வீட்டைக் கண்டது 2010 ஓகஸ்டில். அமெரிக்கப் படை உள்ளே இறங்கியது 2011 மே 2இல். இடைப்பட்ட மாதங்களை நாட்காட்டித் தாள் பறக்கும் காட்சியால் தாண்டக் கூடாது. படத்தில் கதாநாயகி தன் மேலதிகாரியின் அறைக் கண்ணாடியில் சிவப்பு மார்க்கரால் நாள் எண்ணிக்கையை எழுதுகிறாள். அழிக்கிறாள், கூட்டி எழுதுகிறாள். செலவு ஒரு மார்க்கர்.

வீட்டைக் கவனிப்பவர்களுக்குக் கிடைத்த தடயங்களும் இப்படிச் சாதாரணமானவைதான். குப்பையை வெளியே போடாமல் உள்ளேயே எரிக்கிறார்கள், தொலைபேசி இல்லை, இணையம் இல்லை, மேல்தட்டு பல்கனிக்கு ஏழு அடி மறைப்புச் சுவர்.

இல்லாத இடையூறை இட்டுக்கட்டுவது

கடைசி நிமிடத்தில் துப்பாக்கி இறுகுவது, வயர்லெஸ் செத்துப்போவது. வேண்டாம். ஆராய்ச்சியில் இதைவிட நல்லது கிடைக்கும். அந்த வீட்டின் மாதிரியை அமெரிக்காவில் கட்டிப் பயிற்சி செய்தபோது சுற்றுமதிலுக்குப் பதிலாகக் கம்பி வலைதான் இருந்தது. ஹெலிகொப்டரின் விசிறிக் காற்று வலையூடாக வெளியேறியது. உண்மையான வீட்டில் உயர்ந்த கல்மதில். கீழே அடித்த காற்று திரும்பி மேலே வர, ஹெலிகொப்டர் தூக்குவிசை இழந்து வால் மதிலில் மோதியது. இதை எந்த எழுத்தாளரும் கதிரையில் சாய்ந்து யோசித்துப் பிடிக்க முடியாது.

மொழி

பாகிஸ்தான் தெருவில் ஆட்கள் அரபு பேசுவதாகக் காட்டி இந்தப் படம் அந்த நாட்டு இரசிகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. அங்கே கேட்பது உருதுவும் பஷ்தூவும். கொழும்பில் இருந்துகொண்டு இந்தப் பிழையை விடுவதற்கு மன்னிப்பே கிடையாது. மாளிகாவத்தைக் கடைக்காரரின் தமிழ் வேறு, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லொட்ஜில் தங்கியிருப்பவரின் தமிழ் வேறு. வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட, வாசிக்கத் தெரியாதவர் அதன் கீழே கையொப்பம் வைக்கும் காட்சியை எழுதுங்கள். பல்ப் தேவைப்படாது.

பொலிஸ் சீருடை, விளையாட்டுத் துப்பாக்கி

அனுமதிக் கடிதம் கையில் இல்லாமல் தெருவில் இறக்காதீர்கள்.

‘சின்ன விடயம்தானே’

அபொட்டாபாத் வீட்டில் இருப்பவர்களின் மரபணு மாதிரியைப் பெற சீ.ஐ.ஏ. ஒரு வைத்தியரைக் கொண்டு தடுப்பூசித் திட்டமொன்று நடத்தியது. நிஜத்தில் அது ஹெபடைடிஸ் பி ஊசி. படத்தில் போலியோ ஆகிவிட்டது. படம் வெளிவந்த அதே 2012 டிசம்பரில் பாகிஸ்தானில் போலியோ ஊழியர்களைச் சுட்டுக் கொன்றுகொண்டிருந்தார்கள். தடுப்பூசித் திட்டங்களை உளவுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று அமெரிக்கா 2014இல் அறிவிக்க வேண்டி வந்தது. எந்த ஊசி என்பது 2011 ஜூலையிலேயே பத்திரிகையில் வந்திருந்தது.