உப்பில் மூலக்கூறு தேடாதீர்கள்

சிங்கப்பூரின் ஈசூனில் என் வீட்டிலேயே உயர்நிலை மூன்று, நான்கு பிள்ளைகளுக்கு வேதியியல் துணைப்பாடம் எடுக்கிறேன். சமையல் உப்பான சோடியம் குளோரைடில் அயனிப் பிணைப்பு எது என்று கேட்டால், வருடம் மாறினாலும் முதல் வாரத்தில் வரும் விடை மாறுவதில்லை. "சோடியம் ஒரு எலக்ட்ரானைக் கொடுக்கிறது, குளோரின் வாங்கிக்கொள்கிறது. அதுதான் அயனிப் பிணைப்பு." பள்ளியில் ஆங்கிலத்தில் படித்ததை வீட்டில் அம்மாவுக்குத் தமிழில் சொன்னாலும் இதையேதான் சொல்வார்கள். எந்த மொழியில் சொன்னாலும் பாதிதான் சரி.

கொடுக்கல் வாங்கல் முடிந்த பிறகுதான் பிணைப்பே வருகிறது. எலக்ட்ரானை இழந்த சோடியம் நேர்மின் அயனி, பெற்றுக்கொண்ட குளோரின் எதிர்மின் அயனி. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் மின் ஈர்ப்புதான் பிணைப்பு. 'ஈர்ப்பு' என்ற சொல் இல்லாத விடைக்கு நான் முழு மதிப்பெண் போடுவதில்லை.

இன்னொரு கதையும் உண்டு: சோடியம் வெளிக்கூட்டில் 8 எலக்ட்ரானுக்கு ஆசைப்பட்டு, மனமுவந்து ஒன்றைத் தானம் செய்கிறதாம். கணக்கைப் பாருங்கள். வாயு நிலையில் ஒரு மோல் (அணுக்களை எண்ணும் அலகு) சோடியம் அணுக்களிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க ஏறக்குறைய 496 கிலோஜூல் செலவாகிறது. குளோரின் அணுக்கள் அதை ஏற்கும்போது திரும்பக் கிடைப்பது 349 தான். நட்ட வியாபாரம்! சோடியத்தை ஆவியாக்கவும், குளோரின் மூலக்கூறைப் பிரிக்கவும் ஆகும் செலவு வேறு. அப்புறம் உப்பு எப்படி உருவாகிறது? அயனிகள் ஒன்றையொன்று இழுத்துப் படிகமாக அடுக்கிக்கொள்ளும்போது சுமார் 787 கிலோஜூல் வெளியேறுகிறது. எல்லாக் கடனையும் அடைத்து மிச்சம் வைப்பது அதுதான். இந்த எண்கள் ஜேசியில்தான் (தொடக்கக் கல்லூரி) வரும், ஆனால் தானக் கதையை இப்போதே மறந்துவிடுவது நல்லது.

அந்தப் படிகத்தில் ஒவ்வொரு சோடியம் அயனியையும் 6 குளோரைடு அயனிகள் சூழ்ந்திருக்கின்றன; குளோரைடைச் சுற்றியும் அப்படியே 6 சோடியம். இதில் எது எதனுடைய ஜோடி? அதனால்தான், தனித்த ஜோடி இருப்பதுபோல 'உப்பு மூலக்கூறு' என்று எழுதக் கூடாது. ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் வாயில் படும் தண்ணீரிலும் அது கிடையாது. அயனிகள் தனித்தனியே நீந்துகின்றன. உப்புக் கரைசல் மின்சாரத்தைக் கடத்துவதும் அவை நகர்வதால்தான். இங்கே 'எலக்ட்ரான் ஓடுகிறது' என்று எழுதுகிறவர்கள் ஏராளம். திடமான உப்பில் அயனிகள் இடம்பெயர முடியாது, கடத்தாது. 801 டிகிரி செல்சியஸில் உருகியதும் கடத்தும்.

எலக்ட்ரான்களைப் புள்ளி, பெருக்கல் குறிகளால் காட்டும் படம் வரைவதில் நடக்கும் தவறுகள் சின்னவை. மெக்னீசியம் குளோரைடுக்கு இரண்டு குளோரைடையும் தனித்தனி அடைப்புக்குறியில் போடாமல் ஒன்றுக்குள் ஒட்டி வைப்பது, அயனியின் மின்சுமையை மறப்பது, கார்பன் டை ஆக்சைடில் இரட்டைப் பிணைப்புக்குப் பதிலாக ஒற்றை போடுவது. அணுக்கள் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்ளும் சகப்பிணைப்பில் பங்கிட்ட ஜோடியை மட்டும் வரைந்துவிட்டு, அம்மோனியாவில் நைட்ரஜனின் பங்கிடாத தனி ஜோடியை விட்டுவிடுவதும் வழக்கம்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது வேறொன்றில்: "தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது, ஆகவே சகப்பிணைப்பு பலவீனமானது." காப்பிக்கடைத் தேநீரில் ஆவி பறக்கிறதே, அதுவும் தண்ணீர்தான். கொதிக்கும்போது விடுபடுவது மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்பு. உள்ளே இருக்கும் பிணைப்பு அப்படியே இருக்கிறது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரிந்து வந்திருந்தால் அடுப்படியே வெடித்திருக்கும். சகப்பிணைப்பு பலவீனம் என்றால், முழுக்கச் சகப்பிணைப்பாலேயே ஆன வைரம் ஏன் அவ்வளவு கடினம்?

கடைசியாக, 'உலோகமும் அலோகமும் சேர்ந்தால் அயனி, இரண்டும் அலோகமானால் சகப்பிணைப்பு' என்ற சூத்திரம். பெரும்பாலும் உதவும், கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. அலுமினியம் குளோரைடைச் சூடாக்கினால் சுமார் 180 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். அயனிச் சேர்மத்துக்கு அழகா அது? மறுபக்கம், அம்மோனியம் குளோரைடில் உலோகமே இல்லை. போன மாதம் ஒரு பெண் கேட்டாள், "அப்போ அது அயோனிக்கா, கோவேலண்டா டீச்சர்?" இரண்டும்தான். நைட்ரஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் நடுவே சகப்பிணைப்பு. அம்மோனியத்துக்கும் குளோரைடுக்கும் நடுவே அயனிப் பிணைப்பு. படத்தில் அடைப்புக்குறியை எங்கே போடுவது என்று அவளே கண்டுபிடித்துவிட்டாள்.