மானியத்தை நம்பி வீட்டு வரியை விட்டுவிடாதீர்கள்

போன மாதம் பக்கத்து ஊராட்சிக்குப் புதிதாக வந்த செயலர் தம்பி ஒருவர் வரிப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "அண்ணே, போன வருசக் கேட்பையே இந்த வருசத்துக்கும் எழுதிட்டேன், சரியான்னு பாருங்க" என்றார். கேட்பு என்றால், அந்த வருடம் ஊரிலிருந்து வர வேண்டிய வரித் தொகை. வேலையில் சேர்ந்த புதிதில் நானும் இதைத்தான் செய்தேன். ஒரு வருடம் இரண்டு வருடமில்லை, பல வருடங்கள். அதற்கான விலையை ஊர்தான் கொடுத்தது.

ரசீது போடாமல் பணம் வாங்காதீர்கள், ரொக்கப் புத்தகத்தை அன்றன்றைக்கே முடியுங்கள் என்பதையெல்லாம் பயிற்சியிலேயே சொல்லிவிடுவார்கள். அங்கே சொல்லாமல் விட்டுப்போகும் தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

வங்கி இருப்பைப் பார்த்து வாக்குக் கொடுப்பது

மானியக் கணக்கில் 10 லட்சம் இருக்கிறது என்று தெரிந்ததும் தலைவருக்கு ஒரு தெரு ஞாபகம் வரும். நீங்களும் தலையாட்டிவிடுவீர்கள். மத்திய அரசின் 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை கொடுத்த மானியத்தில் 100 ரூபாய்க்கு 60 ரூபாய் 'டைடு', அதாவது சொன்ன வேலைக்கு மட்டும். அதில் 30 குடிநீருக்கும் மழைநீர் சேகரிப்புக்கும், 30 துப்புரவுக்கும். மீதி 40 'அன்டைடு', ஊரின் தேவைக்கு எடுக்கலாம். அதிலும் சம்பளமோ அலுவலகச் செலவோ போடக்கூடாது என்றிருந்தது. ஆக, அப்படி வந்த 10 லட்சத்தில் சிமென்ட் சாலைக்கு எடுக்க முடிந்தது 4 லட்சம்தான். இதைச் சொல்லாமல் வேலையை ஆரம்பித்துவிட்டால், ஒப்பந்ததாரர் பில்லோடு உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்.

வீட்டு வரிப் பதிவேட்டைத் தொடாமல் விடுவது

இன்றும் எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான்.

2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக் காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை என்று மத்திய நிதிக்குழு மானியத்தை நிறுத்தி வைத்தார்கள். அந்த வருடம் வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. 2017 மே மாதம் ஒரு காலையில் எங்கள் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரின் காயில் எரிந்துபோனது. டவுனில் காயில் கட்டுகிறவர் கையில் காசு வைத்தால்தான் வேலை என்றார். பொது நிதியில் இருந்தது 1,100 ரூபாய். ஆறு நாள் பெண்கள் ஒரு தோட்டத்துக் கிணற்றுக்குக் குடத்தோடு நடந்தார்கள். ஏழாம் மாதக் கர்ப்பிணி ஒருத்தியும் அந்த வரிசையில் போனாள். அலுவலகத் திண்ணையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மத்தியானமே வரிப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். மேலத் தெருவில் ஒரு பெயருக்கு நேரே 'கூரை வீடு' என்று என் கையெழுத்து. வீட்டு வரி 50, நூலக வரி 5, ஆக 55 ரூபாய். அந்த இடத்தில் மாடி வீடு எழும்பி ஏழெட்டு வருடம் ஆகிவிட்டது. தினமும் அந்த வீட்டைத் தாண்டித்தான் அலுவலகம் போவேன். கண்ணால் பார்த்தேன், பதிவேட்டில் எழுதவில்லை.

புதியவர்கள் இங்கே ஒரு பதில் வைத்திருப்பார்கள்: "வரியை நம்மால் ஏற்ற முடியாதே!" பாதிதான் சரி. வீட்டு வரிக்குக் குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் அரசு விதியாகப் போட்டிருக்கிறது. ஊராட்சித் தீர்மானம் அந்த எல்லைக்குள்தான் நிற்க வேண்டும். ஆனால் வீதத்தில் கை கட்டப்பட்டிருக்கிறதே தவிர, பதிவேட்டில் யாரும் நம் கையைக் கட்டவில்லை. புது வீட்டைச் சேர்ப்பதையும், கூரை ஓடாகி, ஓடு தளமானதை மாற்றி எழுதுவதையும் யாரும் தடுக்கவில்லை.

அப்புறம் டேப்பை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தேன். 640 வீடுகளில் 90-க்கு மேல் பதிவேட்டிலேயே இல்லை. தேர்தல் முடிந்து வந்த தலைவர், "ஓட்டுப் போயிரும்பா" என்று பயந்தார். அக்டோபர் 2 கிராம சபையில் பட்டியலைத் தெருவாரியாக வாசித்தோம். கூரை வீட்டுப் பாட்டி ஒருத்தி எழுந்து, "மாடி வீட்டுக்காரனுக்கும் எனக்கும் இத்தனை வருசமா ஒரே வரியா?" என்று கேட்டாள். அதற்கு அப்புறம் எதிர்ப்பேச்சு பெரிதாக எழவில்லை. நோட்டீஸ் கொடுத்து, ஆட்சேபணை கேட்டு, ஒவ்வொன்றாகப் பதிவேட்டில் ஏற்றினோம். 48,000 ரூபாயாக இருந்த கேட்பு ஒரு லட்சத்தைத் தாண்டியது. வீதத்தை ஒரு பைசா கூட்டவில்லை.

மானியத் தவணை தாமதமாகலாம், நிபந்தனை மாறலாம், நின்றும் போகலாம். மோட்டார் எரிந்த அன்றே எடுத்துச் செலவு செய்ய ஊராட்சிக்கென்று இருப்பது பொது நிதி. அதற்கு முதுகெலும்பு வீட்டு வரி. ஆகவே தம்பிகளே, போன வருடக் கேட்பைப் பார்த்து எழுதாதீர்கள். வருடத்துக்கு ஒரு தடவையாவது பதிவேட்டோடு தெருவில் நடந்துவிட்டு எழுதுங்கள்.

நூலக வரியைச் செலவழிப்பது

அது நூலக ஆணைக்குழுவின் பணம். தொடாதீர்கள்.

தொழில் வரியை வாத்தியார்களோடு நிறுத்திக்கொள்வது

பள்ளிக்கூடச் சம்பளப் பட்டியலில் தானாக வருவதை மட்டும் வாங்கிக்கொண்டு பலர் விட்டுவிடுகிறார்கள். செங்கல் சூளை, அரிசி ஆலை, கடைகள் எல்லாம் ஊருக்குள்தானே இருக்கின்றன? ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் கேட்கக்கூடாது என்று அரசியல் சட்டமே சொல்கிறது. 1988-இல் திருத்தம் செய்து வைத்த வரம்பு அது. விலைவாசி எங்கேயோ போயும் அப்படியே நிற்கிறது. இந்த வரம்பை உயர்த்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உயரும்வரை, இருக்கிறதையாவது எல்லாரிடமும் வாங்குங்கள்.

கணக்கை ஆன்லைனில் ஏற்றாமல் தள்ளிப்போடுவது

ஊராட்சி வரவு செலவை ஏற்றும் மத்திய அரசு இணையதளமான இ-கிராம் ஸ்வராஜில் கணக்கு ஏறவில்லையென்றால் மானியம் இல்லை. முந்தைய ஆண்டுத் தற்காலிகக் கணக்கும், அதற்கு முந்தைய ஆண்டின் தணிக்கை முடிந்த கணக்கும் ஏறியிருக்க வேண்டும். ஏப்ரலிலேயே உட்கார்ந்து முடித்துவிடுங்கள்.